காதலனை விரட்டும் பாட்டு எப்படி கே கீதமானது?

கேள்வி இதுதான்: 'ஐ வில் சர்வைவ்' பாட்டில் ஒரு பெண், தன்னைக் கைவிட்டுப் போய்த் திரும்பி வந்து நிற்கும் காதலனை வாசலோடு அனுப்புகிறாள், அவ்வளவுதான். தன்பாலீர்ப்பை (கே) பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. பிறகு எப்படி உலகம் முழுக்க வானவில் பேரணிகளில் அதைத் தங்கள் பாட்டாகப் பாடுகிறார்கள்? ஒரு பாட்டை 'எங்கள் கீதம்' என்று யார் முடிவு செய்வது?

ஆடியவர்கள்தான் முடிவு செய்தார்கள். எழுதியவர், பாடியவர், ரெக்கார்டு கம்பெனி என்று யாருக்கும் அதில் பெரிய பங்கு கிடையாது. இரவு இரண்டு மணிக்கு ஒரு கிளப்பில் எந்தப் பாட்டின் முதல் நொடியைக் கேட்டதும் எல்லாரும் கத்திக்கொண்டு நடனத் தளத்துக்கு ஓடுகிறார்களோ, அடுத்த வாரமும் வந்து அதையே போடச் சொல்கிறார்களோ, சில வருடம் கழித்து ஒரு நண்பனை அடக்கம் செய்துவிட்டு வந்த இரவில் எந்தப் பாட்டைத் தேடுகிறார்களோ, அதுதான் கீதம். வரிகளுக்கு என்ன பொருள் என்பது அதற்கு அப்புறம்தான். 'சிறந்த 50 கே கீதங்கள்' என்று வரும் பட்டியல்களில் இந்தக் கதை இருப்பதில்லை, பாட்டின் பெயரும் வருடமும்தான் இருக்கும். அதனால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1960களின் நியூயார்க்கில் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடுவதே போலீஸ் உள்ளே நுழையப் போதுமான காரணம். தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கடைக்கு உரிமம் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் பறிபோகும். அதனால் அந்தக் கடைகளில் பலவற்றை மாஃபியாதான் நடத்தியது. நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் இருந்த ஸ்டோன்வால் இன் அப்படிப்பட்ட ஒன்று. மோசமான சாராயம், அழுக்கான இடம், ஆனாலும் கூட்டம் வந்ததற்குக் காரணம் அங்கே ஆட முடிந்தது. போலீஸ் வருகிறது என்று தெரிந்தால் தளத்தில் வெள்ளை விளக்கைப் போடுவார்கள், உடனே எல்லாரும் தொட்ட கையை எடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். 1969 ஜூன் 28 அதிகாலை நடந்த சோதனையில் கூட்டம் கலைந்து போகாமல் எதிர்த்து நின்றது, அதிலிருந்துதான் இன்றைய பேரணிகளெல்லாம் தொடங்கின. அதற்கு முந்தைய நாள்தான் நியூயார்க்கில் ஜூடி கார்லண்டின் இறுதிச்சடங்கு நடந்தது. 1939இல் 'ஓவர் தி ரெயின்போ' பாடிய அவரைத்தான் அந்தத் தலைமுறை கே ஆண்கள் தங்கள் குரலாக நினைத்தார்கள். அந்தத் துக்கம்தான் கலவரமாக வெடித்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அன்று தெருவில் நின்று போராடியவர்களில் பலர் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பையன்களும் திருநங்கைகளும். திரும்பத் திரும்ப அடிபட்டவர்கள் ஒருநாள் திருப்பி அடித்தார்கள், அதற்கு ஒரு பாடகியின் மரணம் தேவையில்லை. ஆனால் சேர்ந்து ஆடுவது என்பது இவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை, சட்டம் பிடுங்கி வைத்திருந்த ஒன்று என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாப் பாட்டுக்கும் அதுதான் அடித்தளம்.

அதற்கு எட்டு மாதம் கழித்து, 1970 பிப்ரவரி 14 அன்று, டேவிட் மன்குசோ என்பவர் 647 பிராட்வேயில் தான் குடியிருந்த பெரிய மாடிக்கூடத்தில் அழைப்பிதழ் கொடுத்து ஒரு விருந்து வைத்தார். மது விற்பனை கிடையாது, அதனால் உரிமமும் தேவையில்லை, போலீஸுக்கு நுழையச் சாக்கும் குறைவு. கறுப்பர், லத்தீனோ, வெள்ளையர், ஆண், பெண், கே, கே அல்லாதவர் எல்லாரும் ஒரே தளத்தில். அந்த இடம்தான் 'தி லாஃப்ட்'. ரேடியோ கண்டுகொள்ளாத இசைத்தட்டுகளை மன்குசோ அங்கே போட்டார், ஆடியவர்கள் மறுநாள் கடையில் போய்க் கேட்டார்கள், இப்படியே சில தட்டுகள் ரேடியோவின் தயவு இல்லாமலே விற்றன. கம்பெனிக்காரர்கள் கிளப் டிஜேக்களைத் தேடி வரத் தொடங்கியது அப்போதுதான்.

டாம் மோல்டன் என்பவரின் பங்கு இன்னும் சுவாரஸ்யம். நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் ஐலண்ட் தீவு கே ஆண்கள் கோடையைக் கழிக்கும் இடம். அங்கே ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுவதால், ஆடுபவர்கள் ஏறிவந்த உற்சாகம் அறுந்துபோய்த் தளத்தை விட்டு இறங்கிவிடுவதை அவர் கவனித்தார். பாட்டுகளை நீட்டி, ஒன்றோடொன்று ஒட்டி டேப் செய்து கொடுத்தார். பின்னால் ஒருமுறை ஏழு அங்குல வெற்றுத்தட்டு கைவசம் இல்லாமல் பெரிய தட்டில் வெட்டியபோது, வரிப்பள்ளங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்ததால் ஒலி அவ்வளவு பலமாக, அவ்வளவு துல்லியமாக வந்தது. பன்னிரண்டு அங்குல சிங்கிள் (ஒரு பாட்டுக்கான தட்டு) என்ற வடிவம் இப்படித்தான் பிறந்தது, 1976இல் கடைகளுக்கும் வந்தது. இன்று நாம் ரீமிக்ஸ் என்று சாதாரணமாகச் சொல்வதன் பூர்வீகத்தில் பெரும்பங்கு, தளத்தை விட்டு இறங்க மனமில்லாத அந்தத் தீவுக் கூட்டத்துக்குச் சேரும்.

சரி, 'ஐ வில் சர்வைவ்'. அதைப் பாடிய குளோரியா கேனர் 1975இலேயே ஒரு தட்டின் முதல் பக்கம் முழுவதையும் இடைவெளியே இல்லாத ஒரே நடனத் தொடராக வெளியிட்டவர், அதைத் தொகுத்ததும் இதே மோல்டன்தான். ஆக கிளப்களுக்கு அவர் புதியவர் இல்லை. ஆனால் 1978இல் அவர் நிலைமை மோசம். மேடையில் விழுந்து முதுகில் அறுவை சிகிச்சை, முதுகுப்பட்டை போட்டுக்கொண்டுதான் பாட்டைப் பதிவு செய்தார். வரிகளை எழுதிய டீனோ ஃபெகாரிஸும் மோட்டவுன் கம்பெனியில் வேலை போனவர், எப்படியும் தாக்குப்பிடிப்பேன் என்ற அந்த வைராக்கியத்தில்தான் எழுதினார். ஆக அந்தப் பாட்டு உண்மையில் காதலனைப் பற்றியதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். கம்பெனிக்கு அதில் நம்பிக்கை இல்லாமல் வேறொரு பாட்டை முன்பக்கம் வைத்து இதைத் தட்டின் பி பக்கத்தில் போட்டார்கள். நியூயார்க்கின் ஸ்டூடியோ 54 கிளப்பில் தட்டு சுழற்றிய ரிச்சி கேசர் போன்ற டிஜேக்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், ஆடியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1979 மார்ச்சில் அமெரிக்காவின் முதலிடம்.

அந்தப் பாட்டை ஒரு கே ஆணாக இருந்து கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் பியானோ ஒரு ஓட்டம் ஓடி நிற்கிறது, தாளமே இல்லாமல், பயந்துபோய் உறைந்திருந்ததாக ஒரு குரல் ஒப்புக்கொள்கிறது. அப்புறம்தான் டிரம்ஸ். பயத்திலிருந்து நடனத்துக்கு ஒரே தாவல். குடும்பம், சபை, ஊர் என்று ஏதோ ஒன்று கைவிட்டிருந்த மனிதர்கள் நிறைந்த அறையில் அது ஒலிக்கும்போது, வாசலில் வந்து நிற்பது காதலனாகத்தான் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அப்பாவாக இருக்கலாம், பழைய பள்ளிக்கூடமாக இருக்கலாம். இதில் ஒளிந்திருக்கும் ரகசியக் குறியீடு எதுவும் கிடையாது. ஒரு பெண்ணின் வலியைத் தன் வலியாக எடுத்துக்கொள்வதில் தயக்கம் இல்லாத ஆண்கள் அங்கே கூடியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இந்த வகையில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலான பாட்டு ஒன்றுதான், சில்வெஸ்டரின் 'யூ மேக் மீ ஃபீல் மைட்டி ரியல்', 1978. இது யாரிடமிருந்தும் இரவல் வாங்கிய கீதம் இல்லை. பாடியவரே ஒளிவுமறைவில்லாத கே ஆண், கறுப்பர், பெண் உடையிலும் ஆண் உடையிலும் இரண்டுக்கும் நடுவிலும் தன் விருப்பப்படி மேடையேறியவர். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சிறுவனாகப் பாடி வளர்ந்து, தான் யார் என்பது தெரிந்ததும் அங்கே நிம்மதி கிடைக்காமல் பதின்ம வயதிலேயே சபையை விட்டு வெளியேறினார். 1970இல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் காக்கெட்ஸ் என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். நம் சங்கீதக்காரர்கள் கள்ளக்குரல் என்று குறை சொல்லும் அந்த உச்சக்குரல்தான் அவருடைய சொந்தக் குரல், அதில் அவர் ஒரு பாட்டு முழுவதும் நிற்பார், கொஞ்சமும் நடுங்காது.

இந்தப் பாட்டு முதலில் நிதானமான கதியில், சபைப் பாட்டு பாணியில் இருந்தது. ஒரு டிஸ்கோவில் விளக்குகளைக் கவனித்துக்கொண்டிருந்த பேட்ரிக் கௌலி, கல்லூரியில் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியைக் கற்றவர், இதைக் கேட்டுவிட்டுத் தன் கருவிகளை ஓட்டிக் காட்டினார். சுழன்று ஏறும் அந்த மின்னொலி வந்தது அப்படித்தான். ஆக ஒரு பக்கம் சபை, இன்னொரு பக்கம் இயந்திரம். நம்மூர் பெந்தெகொஸ்தே ஆராதனையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டின் அமைப்பு உடனே பிடிபடும்: கைத்தட்டல் வேகமெடுக்கும், ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், ஒரு கட்டத்தில் பாடுகிறவருக்குச் சொற்கள் தீர்ந்து வெறும் குரல் மட்டும் மேலே போகும். சில்வெஸ்டர் அதை அப்படியே கிளப்புக்குக் கொண்டுவந்தார். தன்னைப் பாவி என்று சொன்ன இடத்தில் கற்ற பாட்டை, தன்னை நிஜமான மனிதனாக உணர வைத்த இடத்தில் பாடினார். வரிகளில் பெரிதாக எதுவும் இல்லை, ஆடுகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள், தொடுகிறார்கள், நிஜமாக உணர்கிறார்கள். எந்த அறிக்கையும் இல்லாமல், எதையும் கெஞ்சாமல், சந்தோஷத்தை மட்டும் பாடி இவ்வளவு சாதித்த வேறொரு பாட்டு எனக்குத் தெரியாது.

அந்தக் கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். கௌலி 1982 நவம்பரில் எய்ட்ஸால் இறந்தார், அந்த நோய்க்கு அந்தப் பெயர் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சில்வெஸ்டர் 1988 டிசம்பர் 16 அன்று இறந்தார், வயது 41. அந்த வருடம் சான் பிரான்சிஸ்கோ பேரணியில், எய்ட்ஸ் நோயாளிகளின் அணியில், சக்கர நாற்காலியில் வந்தார். மறைக்கவில்லை. பெரும்பாலான பிரபலங்கள் வேறு ஏதோ வியாதி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தன் பாட்டுகளிலிருந்து வரப்போகும் ராயல்டியை அந்த ஊரின் எய்ட்ஸ் தொண்டு அமைப்புகளுக்கு உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அவருக்குப் பின்பாட்டுப் பாடிய இரண்டு பெண்கள் மார்த்தா வாஷ், இசோரா ரோட்ஸ். இருவரும் சபைக் குரல்கள், இருவரும் கனத்த உடல்வாகு, அதையே பெருமையாக 'டூ டன்ஸ் ஓ ஃபன்' என்று பெயராக வைத்துக்கொண்டார்கள். 'இட்ஸ் ரெயினிங் மென்' பாடிய 'வெதர் கேர்ள்ஸ்' இவர்கள்தான். அந்தப் பாட்டை டோனா சம்மர், டயானா ராஸ், ஷேர், பார்பரா ஸ்ட்ரைசாண்ட் என்று பெரிய பாடகிகள் வரிசையாக வேண்டாம் என்று சொன்ன பிறகு இவர்களிடம் வந்தது. எழுதியவர்களில் ஒருவரான பால் ஜபாராவும் 1992இல் எய்ட்ஸால் போய்விட்டார். மார்த்தா வாஷுக்கு அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். 1990 வாக்கில் பிளாக் பாக்ஸ், சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி என்ற இரண்டு குழுக்களின் பெரிய நடன ஹிட்டுகளில் ஒலிப்பது அவர் குரல், ஆனால் வீடியோவில் வாயசைப்பது ஒல்லியான வேறு பெண்கள், தட்டில் அவர் பெயரே இல்லை. வழக்குப் போட்டார், கம்பெனிகள் இறங்கி வந்தன, பாடியவர் பெயரைப் போடுவது அங்கே வழக்கமாவதற்கு அந்த வழக்குகள் ஒரு முக்கியக் காரணம். ஒரே மனுஷி, மூன்று தலைமுறைக் கிளப்களின் கீதங்களில் குரல். இந்த வரலாற்றில் கறுப்பினப் பெண்களின் சபைக் குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான், அந்தப் பெண்களுக்குக் கிடைத்த மரியாதையும் கொஞ்சம்தான்.

டயானா ராஸின் 'ஐம் கமிங் அவுட்' நேர் எதிரான கதை, அங்கே எழுதியவருக்குத் தான் யாருக்கு எழுதுகிறோம் என்று நன்றாகவே தெரியும். இசையமைப்பாளர் நைல் ராட்ஜர்ஸ் நியூயார்க்கில் ஒரு கிளப்பின் கழிவறையில் டயானா ராஸ் வேடமிட்ட ஆண்கள் பலர் தன்னைச் சுற்றி நிற்பதைக் கண்டார். அவர்களுக்கு ராஸ் எவ்வளவு பெரிய ஆள் என்பது உறைத்ததும், பெர்னார்ட் எட்வர்ட்ஸுடன் சேர்ந்து அவர்களுக்கான பாட்டை ராஸின் வாயிலேயே கொடுத்துவிட்டார். 1980இல் வெளிவந்தது. மோட்டவுனை விட்டு விலகும் கட்டத்தில் இருந்த ராஸுக்கு அது தன் விடுதலையைப் பாடும் பாட்டு, தளத்தில் நின்றவர்களுக்குத் தன் உண்மையை வெளியே சொல்லும் பாட்டு. இரண்டும் சரி.

வில்லேஜ் பீப்பிள் என்ற குழுவின் கதை இன்னும் சிக்கல். ஜாக் மொராலி என்ற பிரெஞ்சு கே தயாரிப்பாளர் கிரீனிச் வில்லேஜ் பார்களில் பார்த்த வேடங்களை, கட்டடத் தொழிலாளி, போலீஸ்காரர், கௌபாய் என்று, குழுவாகவே நிறுத்தினார். நந்தனம் மைதானத்தை வைத்து ஒய்.எம்.சி.ஏ.வைத் தெரிந்தவர்களுக்கு 1978இல் வந்த 'ஒய்.எம்.சி.ஏ.' பாட்டில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அமெரிக்க நகரங்களில் அது ஊரிலிருந்து வரும் இளைஞர்களுக்கு மலிவாக அறை, குளம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் கிடைத்த இடம், ஆண்கள் ஆண்களைச் சந்தித்த இடமும்கூட. வரிகளை எழுதி முன்னணிக் குரலில் பாடிய விக்டர் வில்லிஸ் கே அல்ல, அப்படிப்பட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். டிரம்ப் கூட்டங்களில் அந்தப் பாட்டு ஒலித்துப் பேச்சானபோது, 2024 டிசம்பரில், அதை கே கீதம் என்று எழுதும் ஊடகங்கள் மீது வழக்குப் போடுவோம் என்றுகூடச் சொன்னார். அவர் மனதில் என்ன இருந்தது என்று அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆடியவர்கள் 1978இலேயே முடிவு செய்துவிட்டார்கள், அதை வழக்கால் திரும்பப் பெற முடியாது. அந்தக் குழுவைக் கட்டிய மொராலி 1991இல் எய்ட்ஸால் இறந்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இவர்கள் எல்லாருக்கும் முன்னாலேயே நேரடியாகச் சொன்ன ஒரு பாட்டு உண்டு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அழகு நிலையம் நடத்திய பன்னி ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பெண், தன்னிடம் வேலை பார்த்த கே இளைஞர்கள் படும் பாட்டைப் பார்த்து 'ஐ வாஸ் பார்ன் திஸ் வே' என்று வரிகள் எழுதினார். 1975இல் வேலன்டினோ என்ற பெயரில் ஒருவர் பாடினார், 1977இல் கார்ல் பீன் பாடியதை மோட்டவுன் வெளியிட்டது. நான் கே, நான் பிறந்ததே இப்படித்தான் என்று பட்டவர்த்தனமாகச் சொல்லும் பாட்டு, அதுவும் மோட்டவுனில். சபைப் பாடகராக இருந்த பீன், இன்னும் பெரிய பாடகராகும் வாய்ப்பைத் தொடராமல் போதகரானார். லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின எய்ட்ஸ் நோயாளிகளுக்காக 1985இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார், தன்பாலீர்ப்பாளர்களை வரவேற்கும் சபையையும் கட்டினார். லேடி காகா 2011இல் 'பார்ன் திஸ் வே' வெளியிட்டபோது பலருக்கு இந்தப் பழைய பாட்டே தெரியாது. பத்தாண்டு நிறைவில், 2021இல், தனக்கு உந்துதல் கார்ல் பீன்தான் என்று காகா வெளிப்படையாக நன்றி சொன்னார். அதே வருடம் பீன் காலமானார்.

டிஸ்கோவை, அதாவது இந்தக் கிளப் நடன இசையை, வெறுத்தவர்கள் எதை வெறுத்தார்கள் என்று கேட்டால் 1979 ஜூலை 12ஐப் பாருங்கள். சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஒரு டிஸ்கோ தட்டும் 98 சென்ட்டும் கொண்டுவந்தால் அனுமதி என்று ஒரு ரேடியோக்காரர் கூட்டம் சேர்த்தார். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் இறங்கி நாசம் செய்ததில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அன்று அங்கே வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கவனித்தது முக்கியம்: கொண்டுவந்த தட்டுகளில் பல டிஸ்கோவே இல்லை, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள். பல வெள்ளை ராக் ரசிகர்களின் கோபம் தாளத்தின் மேல் மட்டும் இல்லை, யார் ஆடினார்கள் என்பதன் மேலும் இருந்தது என்பதுதான் என் கருத்து. ரேடியோவிலிருந்து டிஸ்கோ மறைந்தது. ஆனால் அதே சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில், கறுப்பின, லத்தீனோ கே கூட்டத்துக்கு நடுவே, ஃபிராங்கி நக்கிள்ஸ் தட்டு சுழற்றிக்கொண்டுதான் இருந்தார். ஹவுஸ் என்ற நடன இசை அங்கிருந்து வந்தது. அதன் முதல் தட்டுகளில் ஒன்றை உருவாக்கியவர்களில் அந்த வின்ஸ் லாரன்ஸும் ஒருவர்.

எய்ட்ஸ் வந்த பிறகு பழைய பாட்டுகளே வேறாக ஒலிக்கத் தொடங்கின. 1981இல் முதல் நோயாளிகள் பற்றிய அறிக்கை வந்தபோது யாருக்கும் எதுவும் புரியவில்லை. சில வருடங்களில் தளத்தில் பக்கத்தில் ஆடியவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். அப்போது 'ஐ வில் சர்வைவ்' என்று கூட்டம் சேர்ந்து பாடினால் அதில் காதல் தோல்வி எங்கே இருக்கிறது? தெல்மா ஹூஸ்டன் 1977இல் முதலிடத்துக்குக் கொண்டுபோன 'டோன்ட் லீவ் மீ திஸ் வே', விட்டுப்போகாதே என்று காதலனிடம் கெஞ்சும் பாட்டு, இறந்தவர்களிடம் சொல்லும் பாட்டானது. 1994இல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் எய்ட்ஸ் காலக் கலை பற்றி வைத்த கண்காட்சிக்கு அந்தப் பாட்டின் பெயரைத்தான் சூட்டியது. நீங்கள் கேட்ட 'எப்படி'க்கு என் முழுப் பதில் இங்கேதான் இருக்கிறது. எழுபதுகளில் தளம் அந்தப் பாட்டுகளை எடுத்துக்கொண்டது, எண்பதுகளின் சாவுகள் அவற்றை யாராலும் திரும்ப எடுக்க முடியாதபடி ஆக்கிவிட்டன.

பிரிட்டனில் கதை கொஞ்சம் மாறுகிறது, அங்கே பாடியவர்களே முன்வந்து பேசினார்கள். பிரான்ஸ்கி பீட் குழுவில் மூவருமே வெளிப்படையான கே ஆண்கள். 1984இல் வந்த 'ஸ்மால்டவுன் பாய்' வீட்டை விட்டுக் கிளம்பும் ஒரு பையனைப் பற்றியது, ஜிம்மி சாமர்வில்லின் அந்த உச்சக்குரல் ஒரு அழுகையைப் போலத் தொடங்குகிறது, கீழே தாளம் ரயில் போல நிற்காமல் ஓடுகிறது. வீடியோவில் ஒரு காட்சி: கிளம்பும் மகனுக்கு அப்பா பணம் கொடுக்கிறார், கை குலுக்க நீட்டிய மகனின் கையை மட்டும் தொட மறுக்கிறார். ஐந்து வினாடிகூட இருக்காது, அதற்கு மேல் எந்த விளக்கமும் தேவையில்லை. அவர்களுடைய ஆல்பத்தின் பெயர் 'தி ஏஜ் ஆஃப் கன்சென்ட்', உள்ளுறையில் ஐரோப்பிய நாடுகளில் ஆண்களுக்கிடையிலான உறவுக்குச் சட்டம் அனுமதிக்கும் வயதைப் பட்டியலாகவே அச்சிட்டார்கள். பிரிட்டனில் அப்போது 21, மற்றவர்களுக்கு 16. அந்த ஏற்றத்தாழ்வு முழுதாக நீங்க 2001 ஆனது. அதே 1984 டிசம்பரில் வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக லண்டனில் தன்பாலீர்ப்பாளர்கள் நடத்திய நிதி நிகழ்ச்சியில் முக்கியக் குழு இவர்கள்தான். அடுத்த வருடம் லண்டன் பேரணியில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் பதாகைகளோடு வந்து நடந்தார்கள். ஒரு நடனப் பாட்டுக் குழு இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

'கோ வெஸ்ட்' பற்றி மட்டும் சேர்த்துவிடுகிறேன். 1979இல் வில்லேஜ் பீப்பிள் பாடியபோது அது சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனால் நிம்மதியாக வாழலாம் என்ற கனவு. 1992இல் மான்செஸ்டரில் ஓர் எய்ட்ஸ் நிதி நிகழ்ச்சிக்காக பெட் ஷாப் பாய்ஸ் குழுவினர் அதை எடுத்துப் பாடினார்கள், மறுவருடம் தட்டாக வந்தது. கனவு கண்டவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டதால், ஆண்கள் கோரஸ் அந்த வாக்குறுதியைப் பாடும்போது தொண்டை அடைக்கும். அந்த மெட்டை ஆர்சனல் கால்பந்து அணியின் ரசிகர்கள் மைதானத்தில் கோஷமாக்கிக்கொண்டது வேறு கதை.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் ஆண்களின் கதை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கிளப் நடத்தக் காசு, இரவில் தனியாகப் போய்வரும் சுதந்திரம் இரண்டும் பெண்களுக்குக் குறைவு. லெஸ்பியன் பெண்களின் இசை எழுபதுகளில் கிட்டார், சிறு அரங்கு, 1973இல் பெண்களே தொடங்கிய ஒலிவியா ரெக்கார்ட்ஸ் என்று வேறு பாதையில் போனது. கே.டி. லாங் என்ற பாடகி 1992இல் 'கான்ஸ்டன்ட் கிரேவிங்' பாடியபோதுதான் அந்தப் பாதை பெரிய பாப் சந்தைக்குள் வந்து சேர்ந்தது.

இப்போதைய பாட்டுகள்? பேரணிகள் நடக்கும் ஜூன் மாதம் வந்தால் நிறுவனங்கள் கீதம் தயாரிக்கும் காலம் இது, அவற்றில் பல ஜூலையில் காணாமல் போகின்றன. நிற்பவை பழைய வழியில் வந்தவைதான். பாடகி ராபினின் 'டான்சிங் ஆன் மை ஓன்', 2010, தான் நேசிப்பவர் வேறொருவரோடு இருப்பதை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே ஆடுகிற பாட்டு. பள்ளியில், கல்லூரியில் சொல்ல முடியாத காதலோடு இருந்த எவருக்கும் அது போதும். சேப்பல் ரோனின் 'பிங்க் போனி கிளப்' 2020இல் வந்து, பெரிய சத்தமில்லாமல் இருந்து, நான்கு வருடம் கழித்து எல்லா இடத்திலும் ஒலித்தது. சிற்றூர்ப் பெண் மேற்கு ஹாலிவுட் கே கிளப்பில் போய்ச் சேர்ந்து ஆடுகிறாள், அம்மா ஊரில் தவிக்கிறாள். 'ஸ்மால்டவுன் பாய்' பையனின் தங்கை என்றே சொல்வேன். பியான்சே 2022இல் வெளியிட்ட 'ரெனசான்ஸ்' ஆல்பத்தை, தனக்கு இந்த இசையை அறிமுகப்படுத்திய, எச்.ஐ.வி.யோடு வாழ்ந்து மறைந்த தன் 'அங்கிள் ஜானி'க்குச் சமர்ப்பித்தார். அதில் 1977இல் டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்'வின் மெட்டும் வருகிறது. அந்தப் பழைய தளங்களின் கறுப்பினப் பங்கை இவ்வளவு பெரிய மேடையில் யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

கேட்டுப் பார்க்க நினைத்தால் ஒன்று மட்டும் கவனியுங்கள். யூடியூபில் முதலில் வருவது பெரும்பாலும் ரேடியோவுக்காக வெட்டிய மூன்றரை நிமிட வடிவம். பன்னிரண்டு அங்குல வடிவம் என்று தேடி எடுங்கள், ஹெட்ஃபோனைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரில் போடுங்கள். 'மைட்டி ரியல்' முதலில், அடுத்து கார்ல் பீன், அப்புறம் 'ஸ்மால்டவுன் பாய்' நீண்ட வடிவம், கடைசியில் 'ஐ வில் சர்வைவ்'. முதல் மூன்றும் தங்களைப் பற்றித் தாங்களே பாடியவர்களின் பாட்டு. அவற்றைக் கேட்டுவிட்டு நான்காவதுக்கு வந்தால், நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் எழுதியதைவிட நல்ல பதில் அதிலேயே கிடைக்கும்.